கண் சிவந்தால் கேப்ஸ்யூலா?

புனே வந்து பதினோரு வருஷம் ஆச்சு. தமிழ்க் குடும்பங்கள் கூடுகிற இடத்தில் எல்லாம் இப்போது ஒரு டப்பா கைமாறுகிறது. ஆண்டிஆக்ஸிடன்ட் கேப்ஸ்யூல். சர்க்கரைக்கு, மூட்டுவலிக்கு, கண்ணுக்கு, எல்லாத்துக்கும் அதே டப்பாதான். விற்பவர் நம்ம அண்ணன், நம்ம அக்கா. அதனால் யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. நான் கேட்கிறேன்.

போன வருஷம் எனக்கு இடது கண் சிவந்தது. "மெட்ராஸ் ஐதாண்டா, மூணு நாள்ல போயிடும்" என்றார் அம்மா, போனில். ஆனால் பீளை இல்லை. வெளிச்சத்தைப் பார்த்தால் வலி, பார்வை மங்கல். கண் டாக்டர் பரிசோதித்துவிட்டு யுவையடிஸ் என்றார். கண்ணுக்குள்ளே அழற்சி. மணிக்கு ஒரு தடவை ஸ்டீராய்டு சொட்டு, கூடவே கண்மணியை விரிக்க இன்னொரு சொட்டு.

ஸ்டீராய்டு என்றதும் டப்பா அண்ணன் வந்துவிட்டார். "தம்பி, அந்த விஷத்தை விடு. இதுல விட்டமின் சி, ஈ, லூட்டின் எல்லாம் இருக்கு. அமெரிக்காவுலயே நிரூபிச்சிருக்காங்க." நானும் சொட்டு மருந்தைப் பாதியாகக் குறைத்தேன். நாலே நாளில் வலி திரும்பியது. கண்மணி லென்ஸோடு ஒட்ட ஆரம்பித்திருந்தது. டாக்டரிடம் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சரி, அமெரிக்காவில் என்னதான் நிரூபித்தார்கள்? 2001-ல் வெளியான ஏரெட்ஸ் ஆய்வு. விட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம் சேர்த்துக் கொடுத்தார்கள். வயதானவர்களுக்கு வரும் மாகுலா சிதைவு ஓரளவு முற்றியவர்களில், அது கடைசிக் கட்டத்துக்குப் போகும் அபாயம் சுமார் 25 சதவீதம் குறைந்தது. கண்புரைக்குக்கூடப் பலன் தெரியவில்லை. பீட்டா கரோட்டின் புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் என்பதால், 2013-ல் வந்த இரண்டாவது ஆய்வுக்குப் பின் அதன் இடத்தில் லூட்டின் வந்தது. இதில் யுவையடிஸ் எங்கே இருக்கிறது?

யுவையடிஸிலேயே விட்டமின் சி, ஈ கொடுத்துப் பார்த்த ஆய்வு 1999-ல் வந்தது. 145 நோயாளிகள். அழற்சியின் அளவில் வித்தியாசம் இல்லை, பார்வை மட்டும் சற்று மேல். அதுவும் வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாகக் கொடுத்தது. சொட்டு மருந்துக்குப் பதிலாக அல்ல!

இன்னொன்று. யுவையடிஸுக்குப் பின்னால் டிபி இருக்கலாம், முதுகெலும்பு வாதம் இருக்கலாம். 1993 வெள்ளத்துக்குப் பிறகு மதுரைப் பக்கம் எலிக்காய்ச்சலால் பலருக்கு யுவையடிஸ் வந்தது. கேப்ஸ்யூல் டிபியைக் கண்டுபிடிக்குமா?

ஸ்டீராய்டு சொட்டு கண் அழுத்தத்தைக் கூட்டும், புரை வரவைக்கும், உண்மைதான். அதனால்தான் டாக்டர் அழுத்தம் பார்க்கிறார், படிப்படியாகக் குறைக்கிறார். நாமே கடையில் வாங்கி ஊற்றுவதும் தப்பு, நாமே நிறுத்துவதும் தப்பு.

கோபம் அண்ணன் மேல் மட்டும் இல்லை. டாக்டர் இந்தியில் அஞ்சு நிமிஷம் பேசுவார். அண்ணன் தமிழில் அரை மணி நேரம் பேசுவார். ஊரை விட்டு வந்தவனுக்கு யாரை நம்பத் தோன்றும்? அங்கேதான் அந்த டப்பா விற்கிறது. டாக்டர்களே, ஏன் இந்தச் சொட்டு, விட்டால் என்ன ஆகும் என்று இன்னும் ரெண்டு நிமிஷம் சொல்லுங்கள். மக்களே, புரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

அடுத்த தடவை டப்பா வந்தால் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். "நாட் ஃபார் மெடிசினல் யூஸ்" என்று போட்டிருக்க வேண்டும், அது சட்டம். விற்கிறவர் சொல்லாததை டப்பாவே சொல்கிறது.

டிஸ்கி: நெல்லிக்காய்க்கும் முருங்கைக்கீரைக்கும் நான் எதிரி இல்லை. தாராளமாகச் சாப்பிடுங்கள். சொட்டு மருந்தையும் விடுங்கள். :-)