35 குளிர்காலங்கள்

கிளாசிக் காரைக் குளிர்காலத்தில் எவ்வாறு பாதுகாப்பது என்று சொல்லும் கையேடுகள் பெரும்பாலும் பனி பொழியும் நாடுகளில் எழுதப்பட்டவை. ரேடியேட்டர் நீர் உறைந்து எஞ்சினைப் பிளந்துவிடும், சாலையில் தூவும் உப்பு அடிச்சட்டத்தை அரித்துவிடும் என்பவை அவற்றின் அச்சங்கள். டெல்லியில் இவ்விரண்டுக்கும் இடமில்லை. ஆயினும் டெல்லியிலும் பழைய கார் குளிர்காலத்தில் அடைபட்டே கிடக்கிறது. அதை அடைத்து வைப்பது பனிக்கட்டி அன்று, நச்சுப்புகையும் சட்டமும்.

2014 நவம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்கள் டெல்லியில் ஓடக் கூடாது, பொது இடங்களில் நிறுத்தப்படவும் கூடாது என ஆணையிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அத்தடையை நடைமுறைப்படுத்தப் பணித்தது. 2025 ஆகஸ்டில், வயதை மட்டும் காரணமாக்கி நடவடிக்கை எடுக்கக் கூடாது என்ற இடைக்காலப் பாதுகாப்பு கிடைத்தது. டிசம்பரில் அது பிஎஸ்-4 மற்றும் அதற்கு மேற்பட்ட தரத்து வாகனங்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. மறுபுறம், 2021 ஜூலையில் ஒன்றிய அரசு வெளியிட்ட விதிகள், 50 ஆண்டு நிறைந்த, மூல வடிவம் சிதையாத வாகனத்தை ‘விண்டேஜ்’ என ஏற்றுத் தனிப் பதிவெண் வழங்குகின்றன. கட்டணம் 20,000 ரூபாய்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் ஓர் எளிய கழித்தல் கணக்கு கிடைக்கிறது. 15க்கும் 50க்கும் இடையே 35 ஆண்டுகள். மரபுச்செல்வம் என்ற மதிப்பைப் பெற, டெல்லியில் ஒரு கார் முதலில் 35 குளிர்காலங்களைக் குற்றவாளியாகக் கழித்தாக வேண்டும்.

எந்தக் காரால் அது இயலும்? ஒரு குளிர்காலத்துக்குக் காரை நிறுத்திவைப்பது கடினமன்று. பெட்ரோல் தொட்டியை நிரப்பி, பேட்டரி இணைப்பைக் கழற்றி, டயர்களின் மீதுள்ள சுமையை இறக்கி, காற்றோட்டமுள்ள துணியால் போர்த்தி, எலி புகும் வழிகளை அடைத்தால் போதும். ஆனால் ஆண்டுக்கணக்கில் நின்றே கிடக்கும் காரில் பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சி உட்பாகங்களைத் துருப்பிடிக்கச் செய்யும். ரப்பர் பாகங்கள் காய்ந்து வெடிக்கும். இடையிடையே ஓட்டி எஞ்சினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்தாக வேண்டும். நின்ற இடத்திலேயே சில நிமிடம் இயக்கி அணைப்பதோ, புகைக்குழாயில் நீரைத் தேக்கித் துருவுக்கே வழிவகுக்கும். ஆகவே, சுற்றுச்சுவருக்குள் கொட்டகையும், காரை ஓட்டிப் பார்க்கச் சொந்த நிலமும் உள்ளவரின் கார் மட்டுமே 50ஐ எட்டும். தெருவோரமன்றி வேறு இடமில்லாதவரின் கார் உடைப்பு நிலையத்துக்குத்தான் போகும். சட்டம் காரின் வயதை அளப்பதாகத் தோன்றுகிறது; உண்மையில் அது உரிமையாளரின் மனையை அளக்கிறது.

இதன் விளைவு வரலாற்றின் மீது விழுகிறது. மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸ்கள் எப்போதோ எல்லையைக் கடந்துவிட்டன. இந்திய நடுத்தரக் குடும்பத்தின் வாழ்வை மாற்றிய மாருதி 800 விற்பனைக்கு வந்தது 1983 டிசம்பரில். அதன் முதல் வண்டிக்கே 2033இல்தான் 50 நிறையும். முதல் வண்டியை நிறுவனமே புதுப்பித்துத் தன் தலைமையகத்தில் வைத்துக்கொண்டது. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் ஒற்றை வண்டி வரலாறு ஆகாது. பிற்கால அம்பாசடர்களும் பத்மினிகளும், பழுதுபார்த்தவர் வெட்டி ஒட்டிய தகடுகளோடும் மாற்றிய பாகங்களோடும் எஞ்சியிருந்தால்தான் ஒரு காலகட்டத்தின் உழைப்பும் சிக்கனமும் ஆய்வுக்குக் கிட்டும்.

தடையில்லாச் சான்று பெற்று வேறு மாநிலத்தில் மறுபதிவு செய்யலாமே என்பது வழக்கமான விடை. செய்யலாம், டெல்லியின் வரலாறு டெல்லிக்கு வெளியே வாழும். குழந்தைகளின் நுரையீரலைவிடப் பழைய கார் பெரிதா என்பது இன்னும் வலுவான வினா. பெரிதன்று. வினையூக்கி மாற்றி இல்லாத கார் மிகுதியாக மாசு உமிழ்கிறது. நவம்பர் புகைமூட்டத்தில் அது சாலைக்கு வருவதை நியாயப்படுத்த எவராலும் இயலாது. ஆனால் அன்றாடம் ஓடும் காரையும் ஆண்டில் சில நாட்கள் ஓடும் காரையும் ஒரே அளவுகோலால் அளப்பது தூய்மைவாதமும் அன்று, அறிவியலும் அன்று.

ஜெர்மனி வேறு வழி கண்டிருக்கிறது. அங்கே 30 ஆண்டு நிறைந்து, நன்கு பேணப்பட்ட கார் வரலாற்று வாகனம் எனப் பதிவு பெறலாம். அத்துடன், குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் செல்லுபடியாகும் பருவகாலப் பதிவெண்ணை 2017 முதல் அத்தகைய கார்களுக்கும் பெற முடிகிறது. எஞ்சிய மாதங்களில் அக்கார் பொதுச்சாலைக்கு வரக் கூடாது. உலக அளவிலான வரலாற்று வாகனக் கூட்டமைப்பான ஃபிவாவின் எல்லையும் 30 ஆண்டுதான். அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் நிபந்தனை.

டெல்லிக்கு வேண்டியது இதுவே: 30 ஆண்டில் பதிவு, அன்றாட ஓட்டத்துக்குத் தடை, அக்டோபர் முதல் பிப்ரவரி வரை முழு ஓய்வு, சொந்த இடமில்லாதோருக்குக் கட்டணப் பொதுக் கொட்டகை. இதனால் குளிர்காலக் காற்றில் ஒரு துளி மாசும் கூடாது.

நடுத்தர வர்க்கத்தைப் பற்றிக் கருத்தரங்குகள் நடத்தும் வரலாற்றுத் துறைகள் இந்த 35 ஆண்டு இடைவெளியைப் பற்றி இனியும் மௌனம் காப்பது சரியாகுமா? ஓலைச்சுவடி எரிந்தபோது பதறிய ஆய்வுலகம், தகடு நசுங்கும்போது மட்டும் அதைக் கழிவு என்று கடந்துபோவது எந்த முறையியலின்படி?