மறைப்பதால் வளரும் மூலம்

பல் வலித்தால் அண்டை வீட்டாருக்கும் சொல்லுகிறோம். காய்ச்சல் கண்டால் மருத்துவரை நாடி விரைகிறோம். மூல நோய் வந்தால் மட்டும் கணவர் மனைவியிடமும், தாய் மகளிடமும் வாய் திறப்பதில்லை. இந்த வெட்கம் நோயினும் பெரிய தீங்காக முடிவதுண்டு.

மூலம் உடற்சூட்டினால் வருவது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை வேறு. ஆசனவாயின் உட்புறத்தில், இரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற தசைப்பகுதி எல்லாருக்கும் இயல்பாகவே உண்டு. மலமும் காற்றும் நம்மையறியாது வெளியேறாமல் காப்பதற்கு அது துணை செய்கிறது. மலச்சிக்கலால் முக்குவதும், கழிப்பறையில் நெடுநேரம் அமர்ந்திருப்பதும், கருவுற்ற காலத்தில் ஏற்படும் அழுத்தமும் அதனை வீங்கச் செய்து கீழே சரியவைக்கின்றன. இதுவே மூலம்.

உள்மூலம் பெரும்பாலும் வலிப்பதில்லை; மலம் கழிக்கையில் செந்நிற இரத்தம் சொட்டும். இதனை மருத்துவர்கள் 4 நிலைகளாகப் பகுப்பர். முதல் நிலையில் சதை வெளியே வராது. இரண்டாவதில் வெளிவந்து தானே உட்செல்லும். மூன்றாவதில் விரலால் தள்ள வேண்டும். நான்காவதில் வெளியிலேயே நின்றுவிடும். வெளிமூலத்தில் இரத்தம் உறைந்தால் நீலநிறக் கட்டி திடீரெனத் தோன்றிக் கடுமையாக வலிக்கும்.

தொடக்க நிலைக்கு நம் அடுப்படியிலேயே மருந்துண்டு. நாள்தோறும் 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து உடலுக்குத் தேவை. கீரை, வாழைத்தண்டு, அவரை, கொய்யா, கேழ்வரகு, தோல் நீக்காத பயறு ஆகியவற்றை உணவில் சேர்ப்போம். போதிய நீர் அருந்துவோம். மலம் கழிக்கும் உணர்வு வந்தவுடன் செல்வோம், அடக்க வேண்டாம். செய்தித்தாளையும் கைப்பேசியையும் கழிப்பறைக்கு வெளியே வைத்துவிடுவோம். வலியுள்ளபோது, அகன்ற பாத்திரத்தில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, 10 முதல் 15 நிமிடம் அதில் அமர்ந்திருந்தால் இதம் கிடைக்கும். கருவுற்ற தாய்மார் மருத்துவரைக் கேளாமல் பேதி மருந்து எதனையும் உட்கொள்ளலாகாது.

இவற்றால் குணமாகாவிடில் அஞ்ச வேண்டியதில்லை. உள்மூலத்தின் அடியில் சிறு ரப்பர் வளையம் மாட்டும் முறை உண்டு; இரத்த ஓட்டம் தடைப்பட்டு, சில நாட்களில் அது சுருங்கி உதிர்ந்துவிடும். முற்றிய நிலைக்கு அறுவை மருத்துவம் கைகொடுக்கும்.

இனி முக்கியமான எச்சரிக்கை ஒன்று. ஆசனவாயில் வரும் இரத்தமெல்லாம் மூலமன்று. குடற்புற்றுநோயும் இவ்வாறே தன்னைக் காட்டலாம். மலத்தோடு இரத்தம் கலந்து வருதல், கருநிற மலம், வழக்கத்திற்கு மாறான வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல், காரணமின்றி உடல் மெலிதல், இரத்தசோகை ஆகியவை காணப்பட்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. நாற்பதைக் கடந்தவர்கள், குடும்பத்தில் எவருக்கேனும் குடற்புற்று இருந்தவர்கள், சிறிது இரத்தம் கண்டாலும் பரிசோதித்துக்கொள்வதே அறிவுடைமை.

பேருந்து நிலையச் சுவர்களில் "மூலம், பௌத்திரம் ஒரே ஊசியில் குணம்" என்னும் விளம்பரங்களைக் காண்கிறோம். வெட்கத்தால் மறைவிடம் தேடுவோரே அங்கு அகப்படுகின்றனர். தகுதியற்றவர் போடும் ஊசி ஆறாத புண்ணையும், ஆசனவாய் சுருங்கும் துன்பத்தையும் தரக்கூடும். உள்ளே இருக்கும் புற்றுநோயையோ அது கண்டறியாது.

ஆகவே, இன்றிரவு உணவு வேளைக்குப் பின், வீட்டிலுள்ள பெரியவர்களிடம் பரிவோடு கேட்டுப் பார்ப்போம். அவர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லத் தயங்கியதை நாம் கேட்பதனாலேயே சொல்லக்கூடும்.