"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

நள்ளிரவு. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊர் ஒன்றிலே, எழுபதைத் தொட்ட முதியவர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிறார். தீப்பெட்டி ஆலையிலே உழைத்துத் தேய்ந்த உடல். அவரைத் தாங்கிப் பிடித்து வண்டியில் ஏற்றுபவர் இன்னொரு முதியவர்; கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சிக் காய்ச்சியே கண் மங்கியவர். முப்பது ஆண்டுகளாக இருவருக்கும் ஒரே கூரை, ஒரே உலை. ஊரார் 'கூட்டாளிகள்' என்பர். அதற்குமேல் கேட்கமாட்டார்கள், கேட்டால் சிரிப்பார்கள். மருத்துவமனை மேசையருகே கேள்வி பிறக்கிறது: "நீங்க அவருக்கு என்ன வேணும்?" பதில் சொல்ல அந்தக் கிழவரிடம் ஒரு சொல் இல்லை. "சொந்தக்காரர் யாரையாவது கூட்டி வாங்க" என்கிறார்கள். பத்தாண்டாய் வாசற்படி மிதிக்காத அண்ணன் மகன் உறவாம்; பக்கத்திலே நின்று நடுங்குபவர் அந்நியராம்!

கற்பனைதானே என்பீர்கள். ஆம், நாம் தீட்டிய காட்சிதான். ஆனால் தன்பாலீர்ப்புக் கொண்ட ஆடவரும், இருபாலீர்ப்புக் கொண்ட ஆடவரும் பட்டணத்தில் மட்டுமா பிறக்கிறார்கள்? கம்பும் உளுந்தும் விளையும் நம் வானம் பார்த்த மண்ணிலும்தான் பிறந்தார்கள். இங்கேயே மூப்பும் எய்தினார்கள். மணம் முடிக்காமல் இருந்தவரைக் 'கட்டைப் பிரம்மச்சாரி' என்று எள்ளி நகையாடினோம். (எல்லாக் கட்டைப் பிரம்மச்சாரியும் இப்படி என்று நாம் சொல்ல வரவில்லை.) வேறு சிலரை வற்புறுத்தி மணவறை ஏற்றினோம். அவர்களைக் கைப்பிடித்த பெண்களின் கண்ணீருக்கும் நாம்தான் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

'மேனாட்டு வழக்கம்' என்று பழிப்போர் உண்டு. அவர்களைக் கேட்கிறோம்: மேனாட்டிலிருந்து வந்தது எது? ஆங்கில ஆட்சி 1860-இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவல்லவா வந்தது, ஆயுள் தண்டனை வரை விதிக்கும் அதிகாரத்தோடு! அந்த இங்கிலாந்தே 1967-இல் தன் வீட்டிலே பிடியைத் தளர்த்திக்கொண்டது. நாமோ 2018 செப்டம்பர் 6 வரை கட்டிக்கொண்டு அழுதோம். 1950-இல் பிறந்தவருக்கு, "நீ குற்றவாளியல்ல" என்று உச்ச நீதிமன்றம் சொன்ன அந்நாளில் வயது 68! வாலிபம் முழுவதும் வாய் திறக்காமல் வாழ்ந்தவர், விடுதலை வந்ததும் யாரிடம் போய்ப் பேசுவார்?

பேசத் துணையில்லாமை மனக்குறை மட்டுமன்று, உடலையும் அரிக்கும் நோய். தனிமையால் உலகில் ஆண்டுக்கு 8 லட்சத்து 71 ஆயிரம் உயிர்கள் போவதாக உலக சுகாதார நிறுவனம் 2025-இல் மதிப்பிட்டது. 1986-இல் சென்னையில் எச்.ஐ.வி. முதன்முதல் கண்டறியப்பட்டபோது இளைஞராக இருந்தவர்கள் இன்று முதியவர்கள். 2004 முதல் அரசு விலையின்றித் தரும் கூட்டு மருந்தால், தொற்றோடு முதுமை எய்தியவரும் இருக்கிறார்கள். மாத்திரையை நாள் தவறாமல் விழுங்க வேண்டுமே! "சாப்பிட்டாயா?" என்று கேட்க ஒரு குரல் வேண்டாமா? சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் வீடு தேடி வருகிறது, நல்ல திட்டம். மருந்து தந்தவர் போனபின் மிச்சப் பொழுதுக்கு யார் துணை?

பிலிப்பைன்சின் மனிலாவில் 1975-இலேயே இத்தகைய முதியவர்களுக்கென ஓர் இல்லம் எழுந்தது. மும்பையிலே 'சீனேஜர்ஸ்' என்ற பெயரில் ஐம்பதைக் கடந்தவர்கள் கூடிப் பேசுகிறார்கள். விளாத்திகுளத்துப் பெரியவர் மும்பைக்கா போவார்? அவருக்கு வாய்த்த இல்லம், உடன் வாழும் அந்த ஒருவர்தான்.

அந்த ஒருவரை ஏற்பதற்கு நமக்கு என்ன தயக்கம்? இதே கரிசல் வட்டாரத்தில், அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில், 1928-இல் புரோகிதரின்றி முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. ஐம்பதுகளில் நீதிமன்றம் அத்தகைய மணம் செல்லாது என்றது. அந்தத் துணைவியர் சட்டத்தின் கண்ணில் துணைவியர் அல்லர் என்றாயிற்று. 1967-இல் அண்ணாவின் ஆட்சி சட்டம் செய்தது. இனி நடப்பவை மட்டுமல்ல, முன்பு நடந்தவையும் செல்லும் என்றது! வாழ்ந்து முடித்த வாழ்வுக்கும் மதிப்புத் தந்த சட்டம் அது. அந்த மரபினர் என்று மார்தட்டும் நாம், மேடையிலும் திரையிலும் இம்மனிதர்களைக் கேலிப் பொருளாக்கியபோது கைதட்டினோமே, அதை எண்ணி வெட்கப்படுகிறோம்.

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் திருமண உரிமை தர மறுத்தது. 2024-இல் ஒன்றிய அரசு, ஒரே குடும்ப அட்டையில் சேரலாம், கூட்டாக வங்கிக் கணக்குத் தொடங்கலாம் என்று அறிவித்தது. நெருங்கிய உறவினர் இல்லாதபோது துணைவர் உடலைப் பெற்றுக்கொள்ளவும் வழி சொன்னது. பிணத்தைப் பெற ஒரு வழி! உயிரோடிருக்கையில் அருகே நிற்க? 2007-ஆம் ஆண்டின் முதியோர் பராமரிப்புச் சட்டமோ பிள்ளையையும், சொத்துக்குரிய உறவினரையும்தான் அறியும். கூட வாழ்ந்த துணையை அது அறியாது.

சென்னை உயர் நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. இணைந்து வாழ்வோர் குடும்பப் பிணைப்பு ஆவணம் ஒன்றைப் பதிவு செய்துகொள்ளும் ஏற்பாட்டை ஆராயுமாறு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2023 நவம்பரில் தமிழ்நாட்டு அரசிடம் கூறினார். குடும்பம் அமைய மணம் ஒன்றே வழியன்று என்று 2025 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு சொன்னது.

அந்த ஆவணத்தைச் சட்டமாக்குங்கள் என்று கேட்கிறோம். அதுவரை, அரசு மருத்துவமனைப் படிவத்திலே 'உறவுமுறை' என்ற கட்டத்தில், நோயாளி தாமே முன்கூட்டி எழுதிக்கொடுத்த பெயரை ஏற்கச் சொல்லி ஓர் ஆணை போடுங்கள். ஒரு தாளும் ஒரு முத்திரையும்தான் செலவு. கோவில்பட்டிக் கிழவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையிலே வைத்துக்கொள்வார்.