மௌத்துச் செய்தி ஐந்து நிமிடத்தில் வருகிறது, மற்றச் செய்திகள் ஏன் வருவதில்லை?



அன்பின் ஊர் உறவுகளே, பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது முழுவதையும் வாசியுங்கள்.

சோனகத் தெருவில் ஒருவர் மௌத்தானால் அந்தச் செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பாருங்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லி முடிவதற்குள் புத்தளத்தில் இருக்கும் மச்சானுக்கு வட்ஸ்அப்பில் போய்விடும். நீர்கொழும்பிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரர் துஆக் கேட்டுப் பதில் போட்டுவிடுவார்கள். நல்லடக்கம் எத்தனை மணிக்கு, எந்த மையவாடியில், யாருடைய மகன், யாருடைய மருமகன் என்று எல்லாம் பிழையில்லாமல் இருக்கும். முப்பத்தைந்து வருடம் சிதறிக் கிடந்த ஒரு சமூகம் இவ்வளவு இறுக்கமாகத் தொடர்பு வைத்திருப்பது லேசான விசயம் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் நடமாடும் சேவை நடக்கிற செய்தி அது முடிந்த பிறகுதான் வருகிறது. படிவம் கொடுக்கும் கடைசித் திகதி அடுத்த நாள் காலையில் தெரிகிறது. கண் பரிசோதனை முகாம் நடந்ததை அங்கே எடுத்த போட்டோவைப் பார்த்துத்தான் அறிகிறோம். இந்தப் பதிவு இதைப் பற்றித்தான்.

போன தவணையில் எங்கள் பாடசாலைக்கு ஒரு தாய் வந்தார். பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி தேவைப்பட்டது. பிள்ளை பிறந்தது புத்தளத்தில். கைக்குழந்தையை அயல் வீட்டில் விட்டுவிட்டு, வவுனியா, அனுராதபுரம் வழியாக பஸ் மாறி மாறிப் போய், உறவினர் வீட்டில் ஒரு இரவு தங்கி எடுத்து வந்திருந்தார். இரண்டு நாள் கூலியும் பஸ் காசும் போனது. பிறந்தது எங்கே என்றாலும் பிரதியை இங்கேயே பிரதேச செயலகத்தில் கேட்டு எடுத்திருக்கலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னபோது அந்தத் தாய் கேட்டார்: "டீச்சர், இதை முந்தியே ஆராவது சொல்லியிருந்தா நான் ஏன் புத்தளம் போறன்?"

எங்களிடம் பதில் இல்லை. ஏனென்றால் ஆசிரியர்களான எங்களுக்கு அது தெரியும். தெரிந்தும் ஊருக்குச் சொல்லவில்லை. பிழை முதலில் எங்களில்தான்.

செய்தி கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி ஒலிபெருக்கியில் வந்த ஒரு அறிவித்தல்தான் எங்கள் வாழ்க்கையை மாற்றியது. ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். கூட்டம் ஏதோ என்று நினைத்துப் போனவர்களுக்கு, வெளியேற இரண்டு மணித்தியாலம் என்று சொல்லப்பட்டது. அந்த மாதத்தில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அந்த அறிவித்தல் மட்டும் ஒரு வீடு தவறாமல் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு எங்களுக்குப் பயன்படக்கூடிய எத்தனையோ அறிவித்தல்கள் பாதி வழியில் நின்றுவிட்டன.

ஒரு உதாரணம் சொல்கிறோம். யுத்த காலத்தில் காணியை விட்டுப் போனவர்களின் இடத்தில் வேறு யாராவது பத்து வருடத்துக்கு மேல் இருந்தால், ஆட்சியுரிமை கேட்டு அவர்கள் வாதாட முடியும். எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய அநியாயம். விருப்பப்பட்டா காணியை விட்டுப் போனோம்? இதைச் சரிசெய்ய 2016இல் பாராளுமன்றம் ஒரு விசேட சட்டம் நிறைவேற்றியது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் அது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை, ஆயுதக் குழுக்களின் செயல்களால் காணிக்கு வர முடியாமல் இருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தை எண்ணக் கூடாது என்றது. ஆனால் அதைப் பயன்படுத்தி வழக்குப் போட இரண்டு வருடம்தான் அவகாசம் கொடுத்தது.

அந்த இரண்டு வருடத்தில் எத்தனை வெள்ளிக்கிழமை வந்திருக்கும்? நூற்றுக்கு மேல். அதில் எத்தனை ஜும்ஆவுக்குப் பிறகு இந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டோம்? எங்களில் சிலர் இந்தச் சட்டம் இருந்ததையே காலம் முடிந்த பிறகுதான் அறிந்தோம். உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி அலுமாரியில் வைத்திருந்த எத்தனை மூத்தம்மாமார் அதை அறியாமலே மௌத்தாகியிருப்பார்கள் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

மீள்குடியேற்றத்திலும் இதே கதைதான். 2009க்குப் பிறகு உதவி வந்தபோது எங்களுக்கு "பழைய இடம்பெயர்ந்தோர்" என்று பெயர் வைத்தார்கள். 2008 ஏப்ரலுக்குப் பிறகு இடம்பெயர்ந்தவர்களுக்கே முன்னுரிமை என்றார்கள். வன்னியில் அந்த மக்கள் பட்ட பாட்டுக்கு அந்த முன்னுரிமை நியாயமானது, அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் எங்களுக்கு என்ன உண்டு, என்ன இல்லை, எங்கே பதிவது என்று தெளிவாகச் சொல்ல ஆள் இருக்கவில்லை. 1990இல் ஒரு வீட்டிலிருந்து போன ஒரு குடும்பம் திரும்பி வரும்போது நாலு குடும்பமாக வந்தது. அந்த நாலும் எப்படிப் பதிய வேண்டும் என்று தெரியாமல் ஒன்றாகவே பதிந்தவர்கள் உண்டு. புத்தளத்தில் பதிவை வெட்டினால் அங்குள்ளது போய்விடும், இங்கே பதியாவிட்டால் இங்குள்ளது கிடைக்காது என்று இரண்டு கரைக்கும் நடுவில் நின்றவர்களும் உண்டு. முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க வாக்காளர் இடாப்பைக் கேட்கும்போதுதான் அதன் விலை தெரிகிறது.

"இப்பதான் வட்ஸ்அப் குரூப் இருக்கே" என்று சிலர் சொல்வீர்கள். இருக்கிறது. ஒவ்வொருவர் போனிலும் ஐந்தாறு இருக்கும். அதில் வருவது என்ன? திகதி இல்லாத அறிவித்தல், போன வருடப் படிவம், வேறு மாவட்டத்துக்கான சுற்றறிக்கை, "இதை பத்துப் பேருக்கு அனுப்பினால் டேட்டா இலவசம்" என்று ஒரு லிங்க். உண்மையான செய்தி வந்தாலும் காலை வணக்கப் படங்களுக்குக் கீழே போய்விடுகிறது. ஸ்மார்ட் போன் இல்லாத உம்மாமாருக்கு அதுவும் இல்லை.

"பள்ளிவாசலில் சொல்கிறார்களே" என்றும் கேட்கலாம். ஜும்ஆவுக்குப் பிறகு சொல்லும் அறிவித்தல் வந்திருக்கிற ஆண்களின் காதோடு சரி. படிவம் நிரப்புவது யார்? அஸ்வெசும வரிசையில் நிற்பது யார்? கிளினிக்குக்குப் பிள்ளையைக் கொண்டு போவது யார்? பெரும்பாலும் பெண்கள். செய்தி ஒரு பக்கம் நிற்கிறது, தேவை மறுபக்கம் நிற்கிறது. கணவனை இழந்து தனியாகக் குடும்பம் நடத்தும் சகோதரிகளுக்கு வீட்டுக்கு வந்து சொல்ல யார் இருக்கிறார்?

இன்னொரு விசயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். செய்தி எல்லோருக்கும் தெரியாத இடத்தில் அதைத் தெரிந்தவர் பெரிய ஆளாகிவிடுகிறார். "நான் சொல்லித்தான் உங்களுக்குக் கிடைத்தது" என்கிறார். சட்டப்படி எங்களுக்கு உரிய ஒன்று அவர் போட்ட பிச்சை மாதிரி ஆகிவிடுகிறது. தேர்தல் வரும்போது அந்தக் கணக்கைத் திருப்பிக் கேட்கிறார். இது ஒரு கட்சியின் குறை அல்ல, எல்லாக் கட்சியிலும் உண்டு. இதை மாற்ற ஒரே வழி, செய்தியை ஒருவரின் பொக்கெட்டிலிருந்து எடுத்துச் சுவரில் ஒட்டுவதுதான்.

எங்கள் யோசனை பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. சபை, தலைவர், செயலாளர், லெட்டர்ஹெட் எதுவும் வேண்டாம். கிழமைக்கு ஒரு தாள். ஒரு பக்கம் மட்டும். வியாழன் இரவு எழுதி, வெள்ளி காலையில் போட்டோகொப்பி அடித்து, பள்ளிவாசல் வாசலிலும், பாடசாலைக் கேற்றிலும், ஐந்து சந்திக் கடைகளிலும், பெண்கள் கூடும் இடங்களிலும் ஒட்டுவது. அதையே போட்டோ எடுத்துப் புத்தளத்துக்கும் அனுப்புவது. அந்தத் தாளில் என்ன அலுவலகத்தில், என்ன சேவை, எந்தத் திகதி வரை, என்னென்ன கொண்டு போக வேண்டும் என்று மட்டும் இருக்க வேண்டும். கலியாணம், பரீட்சை, விளையாட்டுப் போட்டி, இரத்ததானம், வேலை வெற்றிடம் போன்ற ஊர்ச் செய்திகளுக்கு அடியில் நாலு வரி.

இது உலகத்தில் புதிதல்ல. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஸ்பானிய மொழி பேசும் மக்களுக்காக நியூயோர்க்கில் 1913இலேயே லா பிரென்சா என்று ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். பிறகு எல் தியாரியோவுடன் சேர்ந்து இன்று வரை அது வருகிறது. புது ஊரில் காலூன்ற வந்த மக்களுக்கு முதலில் தேவைப்பட்டது தங்கள் மொழியில் நம்பகமான செய்தி. எங்கள் நிலைமை இன்னும் விசித்திரமானது. நாங்கள் சொந்த ஊருக்கே புதிதாக வந்தவர்கள்.

அந்தத் தாளின் ஒரு மூலையில் எப்போதும் இருக்க வேண்டிய இலக்கங்கள் சில உண்டு. 1919 அரச தகவல் நிலையம். எந்தத் திணைக்களத்துக்கு எந்தப் படிவம் என்று தமிழிலேயே கேட்கலாம். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். 1929 சிறுவர் பாதுகாப்பு. 1990 சுவசெரிய இலவச அம்பியூலன்ஸ், 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது. 1990 என்றால் எங்கள் நெஞ்சில் வேறு ஒன்று வரும். இரவில் வாப்பாவுக்கு நெஞ்சு வலி வரும்போதும் அதே இலக்கம் நினைவுக்கு வரட்டும்.

வழக்கறிஞருக்குக் காசில்லாதவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. "எங்கள் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது?" என்று எழுதிக் கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். கெஞ்சத் தேவையில்லை, ஒரு கடிதம் போதும்.

தாளோடு ஒரு மேசையும் வேண்டும். சனிக்கிழமை காலை இரண்டு மணித்தியாலம். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் வரட்டும். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காக இருக்கும் எங்கள் பிள்ளைகள் நிரப்பிக் கொடுக்கட்டும், ஆசிரியர்கள் நாங்கள் பக்கத்தில் இருந்து சரிபார்க்கிறோம். பிள்ளைகளுக்கும் அது ஒரு படிப்பு. அயலில் இருக்கும் தமிழ்ச் சகோதரர்களுக்கும் அந்த மேசை திறந்தே இருக்க வேண்டும். அவர்களும் இதே அலுவலகங்களில் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

இரண்டு விசயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்போம். உதவி பெற்றவரின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எங்கும் போடக் கூடாது. அரிசிப் பையைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுக்கக் கூடாது. அந்தத் தாயின் பிள்ளை எங்கள் வகுப்பில்தான் இருக்கிறது. அடுத்த நாள் அதன் முகத்தைப் பார்ப்பவர்கள் நாங்கள்.

வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள், கெட்டிக்காரப் பிள்ளைகள் காசில்லாமல் படிப்பை நிறுத்துவதைக் கண்டு, 1945இல் இலங்கை முஸ்லிம் புலமைப் பரிசில் நிதியத்தை உருவாக்கினார். வைத்தீஸ்வராவிலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்த மனிதர். நாட்டின் முதல் முஸ்லிம் சிவில் சேவை அதிகாரி. தனக்குத் தெரிந்த வழியைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் பின்னால் வருபவர்களுக்குத் திறந்துவிட்டார். அவர் பிறந்த மண்ணில் நாங்கள் ஒரு தாள் ஒட்டுவதற்கு யோசிக்கலாமா?

இன்னும் சில நாட்களில் ஒக்டோபர் 30 வருகிறது. முப்பத்தைந்து வருடம். கூட்டம் வைப்போம், பேசுவோம், அழுவோம். அதுவும் வேண்டும், மறக்கக் கூடாது. ஆனால் அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. அன்றே முதல் தாளை ஒட்டுவோம். எழுதும் வேலையை ஆசிரியர்கள் நாங்கள் எடுக்கிறோம். போட்டோகொப்பிச் செலவை ஐந்து கடைக்காரர் பங்கு போட்டால் ஒருவருக்கு ஒரு பிளேன்ரீக் காசுதான். அலுவலகங்களில் வேலை செய்யும் எங்கள் சகோதர சகோதரிகள், புதுச் சுற்றறிக்கை வந்தால் ஒரு வரி சொன்னால் போதும்.

ஒருவர் மௌத்தானால் ஐந்து நிமிடத்தில் ஊருக்குச் சொல்லும் நாங்கள், உயிரோடு இருப்பவருக்குத் தேவையானதை ஐந்து நாள் முந்தியாவது சொல்வோம். அடுத்த முறை ஒரு தாய் எங்கள் பாடசாலைக்கு வந்து அதே கேள்வியைக் கேட்க வேண்டி வரக் கூடாது.