படிவத்தில் இடமில்லாத பெண்

மார்பகப் புற்றுநோய்க்காக 1978இல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்ட், செயற்கை மார்பகம் அணியாமல் மருத்துவரிடம் சென்றார். அதனால் அங்கிருப்பவர்கள் மனம் தளர்வார்கள் என்று கடிந்துகொண்டார் செவிலியர். பெண்களைக் காதலித்த லார்டோ, தன் உடல் பிறர் பார்வைக்கானதல்ல என்பதில் உறுதியாக இருந்தார்.

நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை இலவசம். ஆனால், ‘வீட்டுக்காரர் பேர் என்ன, எத்தனை பிள்ளைங்க?’ என்ற கேள்வியை நினைத்தாலே தன்பாலீர்ப்புப் பெண்ணின் கால் வாசலில் தயங்கும். மார்பை இறுகக் கட்டி, ஆண்களைப் போலச் சட்டையணிந்து நடமாடுபவருக்கு மேலாடையைக் கழற்றுவதே பெரும் சோதனை.

தன்பாலீர்ப்பு புற்றுநோயைத் தராது. ஆனால், பிள்ளைப்பேறும் தாய்ப்பால் ஊட்டலும் தரும் ஓரளவு பாதுகாப்பு தன்பாலீர்ப்புப் பெண்கள் பலருக்கு இல்லை. பரிசோதனையும் தள்ளிப்போனால், கட்டி முற்றிய பிறகே தெரியவரும்.

பெண் இணையர் தொடுத்த வழக்கில், பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைக்கு 2021இல் தடை விதித்தது சென்னை உயர் நீதிமன்றம். அடுத்த அடி சுகாதாரத் துறையுடையது. படிவத்தில் ‘கணவர்’ என்பதை ‘துணைவர்’ என்று மாற்றுவதற்கும், தொடும்முன் அனுமதி கேட்பதற்கும் தனி நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை, மனம் வேண்டும்.