பாட்டிலும் பந்திலும் அரசியல்

"படிக்கப் போன இடத்தில் பாட்டும் பந்தும் அரசியலும் எதற்கு?" நியூ ஜெர்சியிலும் டெக்சாசிலும் கலிபோர்னியாவின் விரிகுடாப் பகுதியிலும் வாழும் தமிழ்ப் பெற்றோர் பலர், மேற்படிப்புப் பயிலும் பிள்ளைகளிடம் கேட்கும் கேள்வி இது.

இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஆண்களுக்கு நிகரான ஊதியம் கோரி 2019இல் வழக்குத் தொடுத்த அமெரிக்க மகளிர் கால்பந்து அணியினர், 2022இல் 2 கோடியே 40 இலட்சம் டாலர் உடன்பாட்டையும் சம ஊதிய உறுதியையும் பெற்றனர். கர்நாடக இசையைச் சபாக்களுக்கு வெளியே கொண்டு செல்ல முனைந்த டி. எம். கிருஷ்ணா, 2015இல் சென்னையின் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் நடுவே இசைவிழா நடைபெறத் துணைநின்றார். 2024இல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அறிவிக்கப்பட்டதும் இசைக்கலைஞர் சிலர் மியூசிக் அகாதமி விழாவிலிருந்து விலகினர்.

முற்போக்குப் பேசும் மாணவருக்குத் தேர்வு இங்கேதான் தொடங்குகிறது. கால்பந்து வீராங்கனையரின் வெற்றிக்குக் கைதட்டுவது எளிது. அதனால் தமக்கு இழப்பேதுமில்லை. சாதி பற்றிய பேச்சோ வீட்டுக்கூடம் வரை வரும். கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022இல் பாகுபாட்டு எதிர்ப்பு விதிகளில் சாதியையும் சேர்த்தது. சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் மசோதா 2023இல் அம்மாநில அவைகளில் நிறைவேறியும், நடப்புச் சட்டங்களே போதுமெனக் கூறி ஆளுநர் நியூசம் அதை நிராகரித்தார். அவ்விவாதத்தில் எத்தனை தமிழ் மாணவர் தம் குடும்பத்தாரிடம் வாய் திறந்தனர்?

பெற்றோர் இப்பேச்சை அடக்காது செவிமடுத்தல் வேண்டும். இளையோரோ ஊரார் அநீதியைக் கண்ட அதே கண்ணால் தம் வீட்டையும் நோக்குதல் வேண்டும். நீதி என்பது வாசலுக்கு வெளியே மட்டும் வழங்கும் நாணயம் அன்று.