நிலக்கரி வெளியூர், நீரும் நிலமும் உள்ளூர்: எண்ணூர் அனல் மின் திட்டங்கள் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

எண்ணூர் வட்டாரத்தில் இனி ஒரு புதிய அனல் மின் அலகுக்கும் அனுமதி தரக் கூடாது. ஏற்கெனவே ஓடும் நிலையங்கள் எடுக்கும் நீருக்கும் கொட்டும் சாம்பலுக்கும் மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும். இதுவே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

கணக்கில் வராதவை

ஒடிசாவின் தால்ச்சரில் வெட்டிய நிலக்கரி பாரதீப் வழியாகக் கப்பலேறி எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இறங்கும்வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் விலை உண்டு. அது மின்கட்டணத்திலும் சேர்கிறது. அதே நிலக்கரி எரிய வேண்டுமானால் குளிர்விக்க நீர், சாம்பல் கொட்ட நிலம், சுடுநீரை விட ஒரு நீர்நிலை, புகையை ஏற்கும் காற்று ஆகியவையும் வேண்டும். இந்த நான்கையும் தருவது உள்ளூர். இவற்றின் இழப்பு எந்த ரசீதிலும் ஏறுவதில்லை.

நம் நாட்டு நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் சாம்பல். 1,000 மெகாவாட் நிலையம் ஒருநாள் முழுத்திறனில் ஓடினால் சுமார் 16,000 டன் நிலக்கரி எரியும். 4,800 டன்னுக்குக் குறையாமல் சாம்பல் மிஞ்சும். நீரும் அப்படித்தான். குளிர்விப்புக் கோபுரம் உள்ள பழைய நிலையங்கள் ஒரு மெகாவாட் மணிக்கு 3.5 கன மீட்டருக்கு மேல் நீர் செலவிடக் கூடாது என்று 2015 டிசம்பரில் மத்திய அரசு விதித்தது. 1,440 மெகாவாட் திறனுள்ள மேட்டூர் நிலையம் இந்த வரம்புக்குள் நின்று முழுத்திறனில் ஓடினாலும் நாளொன்றுக்கு 12 கோடி லிட்டர் செலவாகலாம். தலைக்கு 135 லிட்டர் என்ற நகரக் குடிநீர் அளவுகோலில் அது ஏறத்தாழ ஒன்பது லட்சம் பேரின் தேவை.

நீர் வற்றினால் நிலையமும் நிற்கும். மராட்டியத்தின் பர்லி நிலையம் 2013-லும் 2015-லும் வறட்சியால் முடங்கியது. 2016 மார்ச்சில் கங்கையிலிருந்து நீர் தரும் ஊட்டுக் கால்வாயில் நீர்மட்டம் இறங்கியதால் மேற்கு வங்கத்தின் ஃபராக்கா நிலையம் நின்றது.

கடல்நீர் இலவசமல்ல

கடலோர நிலையங்களுக்கு இந்தக் கவலை இல்லை என்பது வழக்கமான வாதம். 2018-இல் செய்த திருத்தத்தில் நீர் வரம்பிலிருந்து கடல்நீர் நிலையங்களுக்கு விலக்கும் கிடைத்தது. அந்த விலக்கின் சுமை எங்கே இறங்குகிறது என்பதை எண்ணூர்க் கழிமுகத்தில் பார்க்கலாம்.

2024-இல் தொடங்கிய 800 மெகாவாட் அலகையும் சேர்த்தால் வடசென்னை, வல்லூர் நிலையங்களின் திறன் 4,130 மெகாவாட். இவை அனைத்தும் கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் சேரும் ஒரே ஈரநிலப் பரப்பில் நெருங்கி நிற்கின்றன. வடசென்னை நிலையத்தின் சுடுநீர் கழிமுகத்தில் கலக்கிறது. செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்குச் செல்லும் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் ஒழுகியதால் ஆற்றுப்படுகையில் சாம்பல் படிந்து மேடு தட்டியது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்களும் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களும் இழந்தது ஆற்றின் ஆழத்தைத்தான். பெருமழையில் வடசென்னையின் வெள்ளம் கடலுக்குப் போகும் வழியும் இதுவே. அதனால் இது மீனவர் பிரச்சினை மட்டுமல்ல.

எதிர்வாதங்களுக்கு எங்கள் பதில்

மாநிலத்துக்கு மின்சாரம் வேண்டும். குறிப்பாக, சூரிய மின்சாரம் இறங்கும் மாலை நேரத்தில் வேண்டும். அதை மறுக்கவில்லை. ஓடும் நிலையங்களை நாளையே மூடச் சொல்லவும் இல்லை. ஆனால் சுமை தாங்காத இடத்திலேயே மேலும் சுமை ஏற்றுவது அதற்குத் தீர்வாகாது. பழைய எண்ணூர் நிலையம் 2017-இல் மூடப்பட்டதைக் காட்டி அங்கே 660 மெகாவாட் அலகு கேட்கப்படுகிறது. மூடப்பட்டது 450 மெகாவாட்; அதற்குப் பின் இங்கே கூடியது 800.

சாம்பலை சிமென்ட் ஆலைகள் வாங்குகின்றன என்பது பாதி உண்மை. அவை விரும்புவது உலர் சாம்பலை. குளத்தில் நீரோடு கிடக்கும் பழைய சாம்பலை அவ்வளவு எளிதில் யாரும் எடுப்பதில்லை.

கோரிக்கைகள்

1. எண்ணூர் 660 மெகாவாட் விரிவாக்கத் திட்டத்தைக் கைவிட வேண்டும். ஏற்கெனவே அனுமதி பெற்ற எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தின் 1,320 மெகாவாட் அனல் மின் திட்டம், சாம்பலுக்கும் சுடுநீருக்கும் ஏற்பாடு உறுதியாகாமல் ஓடக் கூடாது.
2. ஒவ்வொரு நிலையமும் எடுத்த நீர், விட்ட நீரின் வெப்பம், உண்டான சாம்பல், அகற்றிய சாம்பல் ஆகியவற்றை மாதந்தோறும் தமிழில் வெளியிட வேண்டும்.
3. தேங்கிய சாம்பலைப் பத்து ஆண்டுகளுக்குள் பயன்படுத்தித் தீர்க்க மத்திய அரசின் 2021 டிசம்பர் அறிவிக்கை கெடு வைத்துள்ளது. குளத்தை மூடி மண் போட்டு அந்தக் கடமையிலிருந்து நழுவ இடம் தரக் கூடாது.
4. ஆற்றுப்படுகைச் சாம்பலை நிலையங்களின் செலவில் அள்ள வேண்டும். எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதை மீனவர்களும் இருளர்களும் இடம்பெறும் குழு முடிவு செய்ய வேண்டும்.
5. சுற்றுச்சூழல் அனுமதியைத் தனித்தனி அலகுக்கு அல்லாமல், வட்டாரத்தின் மொத்தச் சுமையை அளந்த பிறகே பரிசீலிக்க வேண்டும்.

நடக்கவிருக்கும் ஒவ்வொரு பொதுமக்கள் கருத்துக்கேட்பிலும் இந்த ஐந்தையும் எழுத்தில் பதிவு செய்வோம். மொத்தச் சுமையின் கணக்கை முன்வைக்காத எந்தத் திட்டத்தையும், அதை அரசு கொண்டுவந்தாலும் தனியார் கொண்டுவந்தாலும், எதிர்ப்போம்.